பொழுது சாயும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

11 பேர் வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தினமும் ஜெபத்தோடுதான் வேலையைத் தொடங்குகிறோம். எல்லோரையும் என் குடும்பத்தினராகவே நினைக்கிறேன். வரவேண்டிய பணம் வராத மாதங்களில் சம்பளம் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போவதுண்டு. போன மாதம் ஒருவர், "இங்கே ஜெபம் மட்டும்தான் நேரத்துக்கு நடக்கிறது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, பாக்கிச் சம்பளத்தைக்கூட வாங்காமல் நின்றுவிட்டார். இயேசு சொன்ன உவமையில் வரும் திராட்சத்தோட்டத்து எஜமானே, "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?" என்று கேட்கிறாரே. ஒரு கிறிஸ்தவ முதலாளியாக நான் எங்கே தவறினேன்? அவரை எப்படி மன்னிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் காட்டிய உவமையிலிருந்தே தொடங்குகிறேன். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் அந்த எஜமான் அப்படிக் கேட்பது, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவர்களுக்கும் முழு நாள் கூலியைக் கொடுத்த பிறகுதான். கூடுதலாகக் கொடுப்பதற்கே அவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்துகிறார். காக்க வைப்பதற்கு அல்ல. அதே உவமையில் நாம் வேகமாகக் கடந்துவிடும் ஒரு வரியும் உண்டு: சாயங்காலமானதும் தம் காரியக்காரனை அழைத்து, வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கச் சொல்கிறார். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்பது லேவியராகமம் 19:13. உபாகமம் 24ஆம் அதிகாரமோ பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிடச் சொல்லி, அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பியே இருக்கிறான் என்று காரணத்தையும் சொல்கிறது. சொந்த ஜனத்தானுக்கு மட்டுமல்ல, அந்நியனுக்கும் சேர்த்தே சொல்கிறது.

இளம் வயதில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். அங்கும் சம்பளம் தள்ளிப்போகும். வயதில் மூத்த அச்சுக்கோப்பவர் ஒருவர் முதலாளியின் அறை வாசல்வரை போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே போகாமல் தம் இடத்துக்கே திரும்பி வந்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போவார். உழைத்துச் சம்பாதித்துவிட்ட தம் சொந்தப் பணத்தை, கடன் கேட்கிற குரலில் அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. முதலாளி நல்லவர்தான். சம்பளத்தைக் கொடுக்கும்போது அன்பாக நாலு வார்த்தை பேசுவார். ஆனால் தரவேண்டிய கடனை உபகாரம்போலக் கொடுக்கும் வழக்கம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

குடும்பம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் தள்ளிப்போன மாதங்களில், உங்கள் வீட்டுச் செலவுக்கான பணத்தையும் நீங்கள் மூன்று வாரம் கழித்துத்தான் எடுத்தீர்களா? இல்லையென்றால், நஷ்டத்தில் மட்டுமே அவர்களைக் குடும்பமாக்கியிருக்கிறீர்கள். பவுல் கொலோசெயர் 4:1-இல் எஜமான்களிடம் கேட்பது நீதியும் செவ்வையுமானதைத்தான். நம் பாசத்தையும் பரிவையும் அந்த நீதிக்குப் பதிலாக வைக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

அவர்கள் ஒப்புக்கொண்டுதானே காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். வேறு வழியில்லாமல், இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தில் தொழிலாளி ஏற்கும் நிபந்தனை சம்மதம் ஆகாது, அவர் அநீதிக்குப் பலியாகிறார் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தெளிவாகவே சொல்லிவிட்டார். யாக்கோபு 5:4 இன்னும் கடுமையானது: அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலியே அங்கே கூக்குரலிடுகிறது. வேலைக்காரர் வாய் திறக்காவிட்டாலும் அது சத்தமிடும்.

உங்கள் பட்டறையில் ஒருவர் வாய் திறந்தார். தம் வேலைக்காரர் தம்மோடு வழக்காடும்போது அவர்களுடைய நியாயத்தை அசட்டைபண்ணியிருந்தால் தேவனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று யோபு 31ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். தாயின் வயிற்றில் தம்மை உருவாக்கினவரே அவர்களையும் உருவாக்கினார் என்பதே அவருடைய காரணம். எனவே, அவரை எப்படி மன்னிப்பது என்ற கேள்வியையே நீங்கள் விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கையில், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பது இயேசுவின் வார்த்தை. அந்தப் பாக்கிச் சம்பளத்தை நீங்களே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். நாளைக் காலை ஜெபம் அதற்காகச் சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை.