கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. இப்போது திருப்பூரில் வேலை. கைத்தறிக் குடும்பம் ஒன்றைப் பற்றி என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா தறியை விற்கும் காட்சி, மகளின் கல்யாணத்துக்கு முந்தைய இரவு நடக்கும் சண்டை, அப்பாவின் சாவு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஆனால் மூன்றாம் அத்தியாயம் மாதக்கணக்கில் நகரவில்லை. எங்கள் வாசிப்புக் குழுவில் ஓர் அண்ணன், “நாவலை முதல்ல இருந்து வரிசையாத்தான் எழுதணும். நடுவுல தாவினா ஆளுங்க வளர மாட்டாங்க” என்கிறார். எழுத்தாளர்கள் நிஜத்தில் எப்படி எழுதுகிறார்கள்? திருத்தும்போதும் கால வரிசையில்தான் போக வேண்டுமா? முதல் அத்தியாயத்தின் இரண்டு பக்கங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

அந்த மூன்று காட்சிகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசை தவறி எழுதிவிட்டோமே என்ற கவலை வேண்டாம். குழு அண்ணன் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு நாவலில் மூன்று வரிசைகள் உண்டு. சம்பவங்கள் நடந்த வரிசை ஒன்று. வாசகர் அவற்றைப் படிக்கும் வரிசை இன்னொன்று. நீங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதும் வரிசை மூன்றாவது. முதல் இரண்டும் புத்தகத்துக்குள் இருக்கின்றன. மூன்றாவது உங்கள் சொந்த விஷயம். அச்சான புத்தகத்தைப் புரட்டும் யாருக்கும் எந்தப் பக்கம் முதலில் பிறந்தது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

மார்கரெட் மிட்செலை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவில் 1926 வாக்கில் ‘கான் வித் தி விண்ட்’ நாவலைத் தொடங்கியபோது அவர் முதலில் எழுதியது கடைசி அத்தியாயம். பிறகு மனம் போன இடத்துக்கெல்லாம் போய் எழுதினார். எழுதியதை அத்தியாயம் அத்தியாயமாகப் பழுப்பு உறைகளில் போட்டு வைத்தார். சில அத்தியாயங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருந்தன. 1935-ல் மாக்மில்லன் பதிப்பகத்தின் ஹெரால்ட் லேத்தம் ஊருக்கு வந்தபோது அந்த உறைக் குவியலைத்தான் கொடுத்தார். அதில் ஒழுங்கான முதல் அத்தியாயமே கிடையாது. பதிப்பகம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர் விடுபட்டதை எழுதி, முரண்களைக் களைந்தார். கதாநாயகிக்கு ஸ்கார்லெட் என்ற பெயர்கூட அப்போது வந்ததுதான். அதுவரை அவள் பான்ஸி. அடிமைமுறையை அந்த நாவல் பார்க்கும் விதம் எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. ஆனால் உங்களைப் போலவே முடிவை முதலில் எழுதிய ஒருவர் எப்படி வேலையை முடித்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சிறுகதையிலும் இதே வழியில் போனவர்கள் உண்டு. முடிவு தெரியாமல் ஒரு கதையைத் தொடங்குவதே இல்லை, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எழுதுவேன் என்று கேத்தரின் ஆன் போர்ட்டர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

விளதீமிர் நபக்கோவ் இன்னும் ஒரு படி மேலே. கோடு போட்ட அட்டைகளில் பென்சிலால் எழுதுவார். மொத்த நாவலின் வடிவம் மனசில் முழுமையாக வந்த பிறகு, எந்த இடத்தை வேண்டுமானாலும் எடுத்து எழுதுவார். அட்டைகளை மாற்றி அடுக்குவது சுலபம். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது அந்த நிபந்தனையைத்தான்: வடிவம் முன்பே வந்துவிட்டது. அவர் 1977-ல் இறந்தபோது முடியாத ஒரு நாவலின் 138 அட்டைகளை விட்டுச் சென்றார். 2009-ல் அது ‘தி ஒரிஜினல் ஆஃப் லாரா’ என்ற பெயரில் வெளியானபோது, வாசகரே அட்டைகளைக் கிழித்தெடுத்து வரிசை மாற்றிப் படிக்கும்படி துளையிட்டு அச்சிட்டார்கள். வடிவத்தை அறிந்தவர் போய்விட்டார், துண்டுகள் மட்டும் மிஞ்சின. ஆகவே இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, உங்கள் மூன்று காட்சிகளும் புத்தகத்தில் எங்கே வரும், அவற்றுக்கு இடையில் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று நாலு வரி எழுதி வையுங்கள். பிறகு மாறலாம், பரவாயில்லை.

இனி மூன்றாம் அத்தியாயம். ஓர் அத்தியாயம் நகராமல் நிற்கிறது என்றால் எழுதுபவரின் சோம்பலை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. சில சமயம் கதை தொடங்கும் இடமே வேறாக இருக்கும். தல்ஸ்தோய் 1856-ல் சைபீரியாவிலிருந்து திரும்பும் ஒரு திசம்பரிஸ்ட்டை, அதாவது ஜார் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து நாடுகடத்தப்பட்ட ஒருவனை, பற்றி எழுத நினைத்தார். அவனைப் புரிந்துகொள்ள அவனுடைய கிளர்ச்சி நடந்த 1825-க்குப் போனார். 1825-ல் அவன் குடும்பஸ்தன், ஆகவே அவன் இளமையைத் தேடி 1812-க்குப் போனார். நெப்போலியனை வென்ற கதையை மட்டும் சொல்லி, அதற்கு முந்தைய தோல்வியை மறைப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் 1805-க்குப் போனார். ‘போரும் அமைதியும்’ அப்படித்தான் 1805-ல் தொடங்குகிறது. எதை எழுத உட்கார்ந்தாரோ அந்த 1856 புத்தகத்துக்குள் வரவே இல்லை.

உங்கள் மூன்றாம் அத்தியாயம் எந்த வருஷத்தில் நடக்கிறது, ஏன் அந்த வருஷம் என்று உங்களையே கேளுங்கள். ‘இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே ஏதாவது வேண்டுமே’ என்பதுதான் பதில் என்றால் அந்த அத்தியாயம் வேண்டாம். ஒரே ஒரு பத்தியில் காலத்தைத் தாண்டிவிடலாம். உங்களுக்கே எழுதப் பிடிக்காத பாலத்தை வாசகர் ஆசையாகக் கடப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். ஆட்கள் வளர்வது என்பது மெய்யான கவலை. அப்பாவின் சாவை இப்போதே எழுதிவிட்டீர்கள். அதை எழுதியபோது அந்த மனிதரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்? ஓரளவுதான். இடைப்பட்ட இருநூறு பக்கங்களை எழுதும்போது அவர் செய்யப்போகும் காரியங்கள் இன்னும் நடக்கவில்லை. யாரிடம் கடன் வாங்கினார், யாரை ஏமாற்றினார், மகளிடம் எதைச் சொல்லாமல் விட்டார், எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆகவே அந்தச் சாவுக் காட்சியில் இருப்பது உங்கள் துக்கம். அவருடைய சாவு இன்னும் எழுதப்படவில்லை. முன்னால் எழுதிய முடிவோடு வரும் ஆபத்து இதுதான்: முடிவு ஏற்கெனவே அழகாக இருக்கிறது என்பதற்காக, நடுவில் வரும் அப்பாவை அந்த முடிவுக்குத் தோதாக வளைத்துவிடுவோம். அவர் நடுவில் முரண்டு பிடித்தால் விடுங்கள். மாற வேண்டியது முடிவுதான்.

ஆனால் வரிசையாக எழுதினால் மட்டுமே ஆட்கள் வளர்வார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. இந்த நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியதில் தொடர்கதைக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் எழுதினார். போன வாரம் அச்சாகிவிட்டது, திரும்பிப் போய்த் திருத்த வழியில்லை, அடுத்த வாரத்தைத்தான் எழுதியாக வேண்டும். பத்திரிகையின் கெடு உண்டாக்கிய முறை அது. உங்களுக்கு அந்தக் கெடு இல்லை. அவருக்குக் கிடைக்காத சுதந்திரம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

திருத்துவதைப் பற்றிய கேள்விக்கு வருவோம். இங்கே என் பதில் கறாரானது. எழுதும்போது எந்த வரிசையும் சரி. திருத்தும்போது குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது வாசகர் படிக்கும் வரிசையில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போயே ஆக வேண்டும். அந்தச் சுற்றில் நீங்கள் வாக்கியங்களை மெருகேற்றப் போவதில்லை. இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வாசகருக்கு என்னென்ன தெரியும் என்பதை மட்டும் பார்க்கிறீர்கள். தறி விற்கும் காட்சியை முதலில் எழுதியபோது, அந்தத் தறி பாட்டனுடையது என்பதை அங்கேயே விளக்கியிருப்பீர்கள், அப்போது வேறு இடம் இல்லை. இப்போது அதற்கு முன்னால் எட்டு அத்தியாயங்கள் வந்துவிட்டன. விளக்கம் ஏற்கெனவே சொன்னதையே சொல்லி இழுக்கும். தாவி எழுதுபவர்களின் பிரதிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். ஒவ்வொரு காட்சியும் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டே இருக்கும்.

கால வரிசையில் அடுக்கித் திருத்தினால் நாவல் தெளிவாகுமா? இதற்கு ஒரு நல்ல பரிசோதனை நடந்திருக்கிறது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘டெண்டர் இஸ் தி நைட்’ 1934-ல் வந்தது. பிரான்ஸின் தென்கடற்கரையில் தொடங்குகிறது. ரோஸ்மேரி என்ற இளம் நடிகை, டிக் டைவரையும் அவன் மனைவி நிக்கோலையும் கடற்கரையில் பார்க்கிறாள். அவள் கண்ணுக்கு அவர்கள் குறையே இல்லாத தம்பதி. நாமும் அவளோடு சேர்ந்து மயங்குகிறோம். முதல் பகுதி முடியும்போதுதான் அந்த வீட்டுக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. இரண்டாம் பகுதி 1917-க்குப் பின்னோக்கிப் போகிறது. டிக் ஒரு மனநல மருத்துவன், நிக்கோல் ஸ்விட்சர்லாந்து மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்தவள் என்பது அங்கேதான் விளங்குகிறது.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பின்னாளில் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையான தொடக்கம் நடுவில் புதைந்து கிடப்பதாக நினைத்தார். தன் பிரதி ஒன்றில் பகுதிகளைக் கால வரிசைக்கு மாற்றி வைத்தார். 1940-ல் இறந்தார். அந்தக் குறிப்புகளை வைத்து விமர்சகர் மால்கம் கௌலி 1951-ல் நாவலைக் கால வரிசையில் பதிப்பித்தார். குழப்பம் தீர்ந்தது. ஆனால் கடற்கரை செத்துவிட்டது என்பேன். யார் மருத்துவர், யார் நோயாளி என்று முதலிலேயே தெரிந்துகொண்டு அந்த மணலில் போய் உட்கார்ந்தால் மயங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. மயங்காதவருக்கு டிக்கின் வீழ்ச்சி ஒரு மருத்துவரின் தோல்வியாக மட்டும் படும், ஏமாந்த வலி வராது. எழுதியவரே விரும்பிய திருத்தம் என்றாலும் பிற்காலப் பதிப்புகள் பெரும்பாலும் 1934 வரிசைக்கே திரும்பிவிட்டன. என் ஓட்டும் அதற்குத்தான்.

அப்படியானால் கால வரிசைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, தகவல் சரிபார்க்க. சினிமாவில் ஒரே வீட்டில் நடக்கும் காட்சிகளை எல்லாம் முன்பின் பாராமல் சேர்த்து எடுத்துவிடுவார்கள். எந்தக் காட்சியில் எந்தச் சட்டை, காயம் இடது கையிலா வலது கையிலா என்று உதவி இயக்குநர் ஒருவர் கன்டின்யூட்டி எழுதிக்கொண்டே இருப்பார். தாவி எழுதும் நாவலாசிரியருக்கும் அப்படியொரு நோட்டு வேண்டும். வருஷம், அந்த வருஷத்தில் ஒவ்வொருவர் வயது, கூலி, வீட்டில் எத்தனை தறி, யார் உயிரோடு இருக்கிறார்கள், இவ்வளவு போதும். வாசக வரிசைச் சுற்று முடிந்த பிறகு, காட்சிகளை நடந்த வரிசையில் அடுக்கி அந்த நோட்டோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். உங்கள் கதைக்கு இது கட்டாயம். குறிப்பிட்ட துணி ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-ல் வந்தது, அதை உச்ச நீதிமன்றம் 1993-ல் உறுதி செய்தது. உங்கள் அப்பா தறியை விற்பது இவற்றுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து, நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி வாசலில் நாலு பேர் பேசும் பேச்சே மாறிவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் எச்சரிக்கிறேன். திருத்த உட்காரும் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலேயே தொடங்குபவர்களின் நாவலில், முதல் முப்பது பக்கம் பளபளக்கும், கடைசி முப்பது பக்கம் கரடுமுரடாகக் கிடக்கும். களைப்பு வரும் இடம் எப்போதும் ஒன்றே என்பதால் அப்படி. வாசக வரிசைச் சுற்று முடிந்த பிறகு, வாக்கியங்களைச் செப்பனிடும் சுற்றைக் கடைசி அத்தியாயத்தில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். கதை ஓட்டம் இழுத்துக்கொண்டு போகாததால் வாக்கியத்தின் பலவீனம் கண்ணில் படும்.

உங்கள் மூன்று காட்சிகளுக்கு என் யோசனை இது. கல்யாண இரவுச் சண்டையை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். மகள் அன்றிரவு வீசும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் முன்னால் நடந்த ஒரு சம்பவம் இருக்க வேண்டும். அந்தச் சம்பவங்கள்தான் நீங்கள் தேடும் அத்தியாயங்கள். சாவுக் காட்சியை மட்டும் ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் முடிந்த பிறகு, உறையைப் பிரிக்காமல் அதைப் புதிதாக எழுதுங்கள். அப்புறம் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதிலிருந்து இரண்டு மூன்று வரிகள் தேறும், அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களையும் படித்தேன். முதல் அத்தியாயத்தை இப்போது தொடாதீர்கள். அதை இறுதி வடிவத்தில் எழுதுவது கடைசி வேலையாக இருக்கட்டும். தல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’வின் தொடக்க வரியாக ஒரு கட்டத்தில் இருந்தது, ஆப்லான்ஸ்கி வீட்டில் எல்லாம் குழம்பிக் கிடந்தது என்ற வாக்கியம். இன்று எல்லாரும் மேற்கோள் காட்டும் மகிழ்ச்சியான குடும்பங்களைப் பற்றிய வரி பிறகுதான் அதன் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது. உங்கள் பக்கங்களில் குழித்தறி, பாவு ஓட்டுவது, ஊடை நூல் சுற்றுவது என்று விளக்கமே முக்கால் பக்கம் போகிறது. அத்தனையும் சரியான தகவல், ஆனால் சொல்பவர் யாரும் இல்லை. அதை வெட்டித் தனியாக வைத்துக்கொண்டு, அப்பா மகளுக்கு முதன்முதலாகத் தறியில் உட்காரக் கற்றுத்தரும் காட்சி ஒன்றை எழுதி, அவர் வாயில் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் அத்தியாயம் அதுவாகவே இருக்கலாம்.