ஸ்காருக்கு நாசர் பேசியிருந்தால்?

கேள்வி: 'தி லயன் கிங்' தமிழ்ப் பதிப்பில் வில்லன் சிங்கமான ஸ்காருக்கு நாசர் குரல் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?
(வாசகர், மதுரை)

பதில்: மிக நல்ல தேர்வு. 'தேவர் மகன்' (1992) படத்தின் மாயத்தேவரைக் கேட்டவர்களுக்கு, நெஞ்சுக்குள் பல நாள் கிடந்து புளித்த பகையை நாசரால் ஒரே வாக்கியத்தில் கொண்டுவர முடியும் என்பது தெரியும். தம்பியாகப் பிறந்ததால் அரியணை கிட்டாமற்போன ஸ்காருக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் அனிமேஷனில் குரலுக்கும் உருவத்துக்கும் உள்ள உறவை நாம் மறந்துவிடக் கூடாது. 1994-இல் வந்த மூலப்படத்தில் ஜெரமி அயன்ஸ் பேசிய பிறகே ஸ்கார் வரையப்பட்டது. ஓவியர் ஆண்ட்ரியாஸ் டேஜா, அயன்ஸின் முகச்சாயலையும் பாவங்களையும் கவனித்து அவற்றைச் சிங்கத்தின் முகத்தில் ஏற்றினார். டப்பிங் கலைஞருக்கோ முடிந்துபோன படத்தின் வாயசைவுக்குள் தமிழை அடக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்காருக்குப் பேசியவர் அரவிந்த்சாமி. 'தனி ஒருவன்' (2015) படத்தில் குரலை உயர்த்தாமலேயே மிரட்டியவர் என்பதால் அவரும் பொருத்தமானவரே. எனினும் வஞ்சத்தின் கசப்பு நாசரிடம் இன்னும் அடர்த்தியாக வெளிப்பட்டிருக்கும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

தங்கள் ஆசை வேறு வழியில் நிறைவேறியும் இருக்கிறது. 2024-இல் வெளிவந்த 'முஃபாசா' படத்தின் தமிழ்ப் பதிப்பில், வெள்ளைச் சிங்கங்களின் தலைவனான வில்லன் கிரோஸுக்குப் பேசியிருப்பவர் நாசர்தான். அவசியம் கேட்டுப் பாருங்கள்.