நடுவில் ஆள்வது யார்?

கேள்வி: தேர்தல் முடிவு வந்து சில நாள் கழித்துத்தான் புது மந்திரிசபை பதவியேற்கிறது. அதுவரை ஆள்வது யார்? தோற்றவர் இறங்கமாட்டேன் என்றால்? ஆட்சி மாறும்போது எங்கள் ஆழியாற்றுத் தண்ணீர் ஒப்பந்தம் என்ன ஆகும்?
– தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை, கேரளம்

பதில்: தோற்ற முதல்வர் கவர்னரிடம் ராஜினாமா கொடுப்பார். மாற்று ஏற்பாடு ஆகும்வரை தொடரும்படி கவர்னர் கேட்டுக்கொள்வார். அதுதான் காபந்து அரசு. சம்பளம், ரேஷன், போலீஸ் எல்லாம் வழக்கம்போல நடக்கும். பெரிய கொள்கை முடிவு மட்டும் எடுக்கமாட்டார்கள், அது மரபு.

2011-ஐ நினைத்துப் பாருங்கள். நம் மலம்புழா எம்.எல்.ஏ., இடது முன்னணியின் அச்சுதானந்தன்தான் கேரள முதல்வர். 140 இடத்தில் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணிக்கு 72, இடது முன்னணிக்கு 68. இரண்டே பேர் இடது பக்கம் வந்திருந்தால் சரிக்குச் சரி! ஆனாலும் மே 13-ல் முடிவு வந்தது, 18-ல் உம்மன் சாண்டி பதவியேற்றார். அச்சுதானந்தன் அதே சபையில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். எனக்கு இன்றும் அதில் பெருமைதான்.

இறங்கமாட்டேன் என்று யாரும் அடம்பிடிக்க முடியாது. பெரும்பான்மை யாருக்கு என்பதைச் சபையில்தான் பார்க்க வேண்டும் என்று கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் தோற்றவரை ஒப்புக்கொள்ள வைப்பது கோர்ட்டை விடவும் பூத்தில் தரும் ஒரு தாள்தான் என்பேன். தாலுகா ஆபீசில் இருந்தபோது தேர்தல் டியூட்டியில் பார்த்திருக்கிறேன். வாக்குப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று 17சி படிவத்தில் எழுதி, எல்லாக் கட்சி ஏஜெண்டுக்கும் நகல் கொடுப்போம். எண்ணும் நாளில் வண்ணாமடைக்காரர் ஒருவர் நாலாய் மடித்த அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார். மெஷின் காட்டிய எண்ணோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அவர் கட்சிக்கு அந்த பூத்தில் தோல்வி. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் தண்ணீர். 1970-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒப்பந்தம் ஆனபோது சென்னையில் முதல்வர் கருணாநிதி, திருவனந்தபுரத்தில் முதல்வர் அச்சுத மேனன். அது இரண்டு கட்சிகளின் ஒப்பந்தம் அல்ல, இரண்டு அரசுகளின் ஒப்பந்தம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் எத்தனையோ முறை ஆட்சி மாறியும், மாநில எல்லையில் உள்ள மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்ற கணக்குதான் நிற்கிறது. குறைந்தால் மந்திரி யார் என்று பார்த்துக் காத்திருக்காதீர்கள். இரண்டு மாநிலமும் சேர்ந்த கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்துக்கு உடனே எழுதுங்கள்.