'வேலை'க்கு ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில், கார்டிஃப் நகரில் செவிலியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா "வாட் டு யூ டூ?" என்று கேட்டார். துணி காயப்போடுகிறேன் என்று பதில் சொன்னேன். அவர் ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னதில் என்ன தப்பு?

அவர் கேட்டது உங்கள் தொழிலை. இந்த நிமிஷம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க நினைத்திருந்தால் "வாட் ஆர் யூ டூயிங்?" என்றிருப்பார். "வாட் டு யூ டூ ஃபார் எ லிவிங்?" என்பதுதான் முழு வாக்கியம். பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று பொருள். பேச்சில் அதன் பின்பாதி பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

"ஐ'ம் எ நர்ஸ்" என்று பதில் சொல்லுங்கள். அந்த 'எ'யை விட்டுவிடாதீர்கள். தமிழில் "நான் நர்ஸ்" என்றாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது, அதனால் நமக்கு அது தேவையில்லாத எழுத்தாகத் தெரியும். அவர்கள் காதுக்கு அது இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும்.

இன்னொன்று. "அப்பா என்னவா இருக்கார்?" என்பதை நாம் "வாட் இஸ் யுவர் ஃபாதர்?" என்று கேட்டுவிடுகிறோம். "வாட் டஸ் யுவர் டாட் டூ?" என்பதுதான் அங்கே வழக்கம். 'ஆக்குபேஷன்' என்ற சொல்லைப் படிவம் நிரப்பும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

"ஐ காட் எ வொர்க்" என்று எழுதியிருந்தேன். மகள் திருத்தினாள். ஜாப், வொர்க் இரண்டும் வேலைதானே?

மகள் சொன்னதுதான் சரி. என் வகுப்பில் அதிகம் திருத்துவதும் இதைத்தான். தப்புக்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. "வேலை கிடைத்தது", "வேலை நிறைய இருக்கு", "வேலைக்குக் கிளம்பிட்டார்" என்று மூன்று விஷயத்துக்கும் தமிழில் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டாகப் பிரிகிறது.

'ஜாப்' எண்ணக்கூடியது: எ ஜாப், டூ ஜாப்ஸ். 'வொர்க்' தண்ணீர் மாதிரி, அளக்கலாம், எண்ண முடியாது. அதனால் வேலை கிடைத்தால் "ஐ காட் எ ஜாப்". மேஜையில் கோப்பு குவிந்திருந்தால் "ஐ ஹாவ் எ லாட் ஆஃப் வொர்க்". 'வொர்க்ஸ்' என்று பன்மையாக்கினால் ஒரு கலைஞரின் படைப்புகள் என்றோ, இரும்பாலை போன்ற ஆலை என்றோ பொருள் மாறிவிடும்.

போகும் இடத்துக்கும் 'வொர்க்'தான். "ஐ'ம் கோயிங் டு வொர்க்", "ஷி'ஸ் அட் வொர்க்". இங்கே 'எ', 'த' எதுவும் வராது. ஆனால் 'ஆஃபீஸ்' என்றால் 'த' வேண்டும். நம் "கோயிங் டு ஆஃபீஸ்" இந்திய ஆங்கிலம்.

வேலை தேடும்போது இரண்டுமே பொருந்தும்: "லுக்கிங் ஃபார் எ ஜாப்", "லுக்கிங் ஃபார் வொர்க்". வீட்டில் ஒழுகும் குழாயைச் சரிசெய்வதும் ஒரு 'ஜாப்'தான். "எ ஃப்யூ ஜாப்ஸ் டு டூ" என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சனிக்கிழமை சொன்னால், வீட்டில் சில்லறை வேலைகள் இருக்கின்றன என்று அர்த்தம். அவருக்கு நாலு இடத்தில் உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சென்னை ஐடி நிறுவனம் ஒன்று என்னை அமெரிக்காவுக்கு ஆன்சைட், அதாவது வாடிக்கையாளர் இடத்திலேயே வேலை பார்க்க, அனுப்பியிருக்கிறது. "ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் கம்பெனி சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" சரியா?

மூன்று திருத்தம் இருக்கிறது.

"ஐந்து வருஷமா வேலை பார்க்கிறேன்" என்று தமிழ் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடும். ஆங்கிலத்துக்கு "ஐ'வ் பீன் வொர்க்கிங்" வேண்டும். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய நாளுக்கு 'சின்ஸ்': "ஃபார் ஃபைவ் இயர்ஸ்", "சின்ஸ் 2020".

அடுத்தது, கால அளவு சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லும்போது "ஐ வொர்க்" போதும். "ஐ ஆம் வொர்க்கிங்" என்றால் இப்போதைக்குத் தற்காலிகமாக என்ற சாயல் வந்துவிடும்.

மூன்றாவது, அந்த 'இன்'. சம்பளம் கொடுப்பவருக்கு 'ஃபார்', போய் உட்காரும் இடத்துக்கு 'அட்', துறைக்கு 'இன்', பதவிக்கு 'ஆஸ்'. உங்களுக்கு இது உண்மையிலேயே முக்கியம். நீங்கள் சென்னை நிறுவனத்துக்காக, அதாவது 'ஃபார்', வேலை செய்கிறீர்கள். தினமும் போவது வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு, அது 'அட்'. இரண்டையும் குழப்பினால், நீங்கள் யாருடைய ஊழியர் என்பதே கேட்பவருக்கு மாறிப்போகும்.

பிரிட்டனில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். விண்ணப்பங்களில் "ஐ வாஸ் ஃபயர்ட்" என்று எழுதி வருகிறேன். யாரும் கூப்பிடவில்லை.

இன்றைக்கே மாற்றிவிடுங்கள். 'ஃபயர்ட்' என்றாலும், பிரிட்டனில் அதிகம் சொல்லும் 'சாக்ட்' என்றாலும், உங்கள்மேல் ஏதோ குற்றம் கண்டு அனுப்பினார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு நடந்தது வேறு. பதவியே இல்லாமல் போயிருக்கிறது. அதற்கு பிரிட்டனில் "ஐ வாஸ் மேட் ரிடண்டன்ட்", அமெரிக்காவில் "ஐ வாஸ் லெய்ட் ஆஃப்". 'ரிடண்டன்ட்' என்றால் தேவையற்றவர் என்று அகராதி சொல்லுமே என்று மனம் சுருங்க வேண்டாம். அங்கே அது சட்டச் சொல். ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 2 ஆண்டு வேலை பார்த்த ஊழியருக்கு அந்தப் பெயரில் இழப்பீடும் பொதுவாக உண்டு.

'லெட் கோ' மென்மையான சொல். ஆனால் தப்பு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் அதையே சொல்வார்கள், அதனால் உங்கள் விண்ணப்பத்துக்கு உதவாது. நேர்ப்பேச்சில் இப்போதைய நிலையைக் கேட்டால் "ஐ'ம் பிட்வீன் ஜாப்ஸ்" என்று சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பேப்பர் போட்டாச்சு, அதாவது ராஜினாமா கொடுத்தாச்சு, என்பதை எப்படிச் சொல்வது?

"புட் டவுன் மை பேப்பர்ஸ்" இந்தியாவில் செல்லும், வெளியே விழிப்பார்கள். பிரிட்டனில் "ஐ'வ் ஹேண்டட் இன் மை நோட்டீஸ்". அமெரிக்காவில் "ஐ கேவ் மை டூ வீக்ஸ் நோட்டீஸ்". அங்கே இரண்டு வாரம் முன்னால் சொல்வது வழக்கம்.

"ஐ பாஸ்ட் அவுட் இன் 2022, ஐ ஆம் எ ஃப்ரெஷர்" என்றேன். நேர்முகம் எடுத்தவர் குழம்பினார்.

2022இல் மயங்கி விழுந்தேன், இப்போது கல்லூரி முதலாண்டு படிக்கிறேன் என்று அவர் காதில் விழுந்திருக்கும். பிரிட்டனில் 'ஃப்ரெஷர்' என்றால் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். "ஐ கிராஜுவேட்டட் இன் 2022" என்று மட்டும் சொல்லுங்கள்.

கணவருடன் டொரன்டோ வந்திருக்கிறேன். குழந்தைகள் சின்னவர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "ஐ ஆம் சிம்ப்ளி அட் ஹோம்" என்கிறேன். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

"சும்மாதான் இருக்கேன்" என்பதை அப்படியே மாற்றியிருக்கிறீர்கள். அந்த 'சிம்ப்ளி'யை எடுத்துவிடுங்கள், அது உங்கள் நாள் முழுவதையும் இல்லை என்று சொல்கிறது. "ஐ'ம் அட் ஹோம் வித் தி கிட்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். "ஐ'ம் எ ஸ்டே-அட்-ஹோம் மாம்" என்றும் சொல்லலாம். முன்பு ஆசிரியராக இருந்திருந்தால் "ஐ யூஸ்ட் டு டீச்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பதவிப் பெயரைவிட இந்த மாதிரி வினைச்சொல் பேச்சில் இயல்பாக வரும்: "ஐ டிரைவ் எ பஸ்", "ஐ ரன் எ ஷாப்". குழந்தைகள் என்று நீங்கள் சொன்னதுமே எதிரில் இருப்பவர் "ஹவ் ஓல்ட் ஆர் தே?" என்று கேட்பார். அப்புறம் பேச்சு தானாக நடக்கும்.