கப்பல் 2 துறைமுகங்களுக்குப் போகவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அறை, சாப்பாடு, பயணம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் என்பதால் 7 இரவு சொகுசுக் கப்பல் பயணம் போனோம். புயல் என்று சொல்லி 4 துறைமுகங்களில் 2-ஐ விட்டுவிட்டார்கள். நீச்சல் குளத்தருகே வழுக்கி விழுந்து என் மனைவியின் மணிக்கட்டு முறிந்தது. பாதிக் கட்டணத்தையாவது திரும்பக் கேட்கலாமா? காயத்துக்கு எங்கள் ஊரிலேயே வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டுதானே?

பதில்: இரண்டில் காயம்தான் அவசரம். 3 ஆண்டு என்ற கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் பயணச்சீட்டு ஒப்பந்தத்தை எடுத்துக் காலவரம்பைப் பாருங்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்வரும் கப்பல்களில் பொதுவாக 6 மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 1 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்றிருக்கும். அந்நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறது. கடல்வழிப் பயணிகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஏதென்ஸ் உடன்படிக்கை பொருந்தும் பயணமானால், வழக்குத் தொடர இறங்கிய நாளிலிருந்து 2 ஆண்டு.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கும். "யார் சார் அதையெல்லாம் படிக்கிறார்கள்" என்ற வாதம் எடுபடுவது கடினம். கார்னிவல் என்ற கப்பல் நிறுவனத்துக்கும் ஷூட் என்ற பயணிக்கும் நடந்த வழக்கில் (கார்னிவல் எதிர் ஷூட்), வாஷிங்டன் மாநிலத்தவரான அந்தப் பயணி மெக்சிகோ கடலோரத்தில் கப்பலில் வழுக்கி விழுந்தார். புளோரிடாவில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற சீட்டு நிபந்தனை செல்லும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழுக்கி விழுந்த வழக்கில் நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். குளத்தருகே தரை ஈரமாகத்தானே இருக்கும் என்பார்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை, தரையின் வழுக்காத பூச்சு தேய்ந்திருந்தது, தேங்கிய நீரை ஊழியர்கள் பார்த்தும் துடைக்கவில்லை: இப்படி ஒன்றாவது வேண்டும். கேமராப் பதிவுகளை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். அந்த இடம், தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்கக் கூடாது என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். விபத்து அறிக்கை, கப்பல் மருத்துவரின் குறிப்பு இரண்டின் நகலையும் கேளுங்கள்.

துறைமுக விஷயத்தில் பாதிக் கட்டணம் என்பது பேராசை. வானிலைக்காகப் பாதையை மாற்றும் உரிமையை ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களும் கேப்டனுக்குக் கொடுக்கின்றன. உங்களுக்கு அறையும் சாப்பாடும் 7 இரவும் கிடைத்தன, கட்டணத்தின் பெரும்பகுதி அதற்குத்தான் என்பது அவர்கள் பதிலாக இருக்கும். வழக்கமாகத் திரும்ப வருவது, போகாத துறைமுகத்தின் வரியும், கப்பல் மூலம் பதிவுசெய்த கரைச் சுற்றுலாக் கட்டணமும். இவை கப்பல் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கலாம். இறுதிப் பில்லைச் சரிபாருங்கள். வெளியாரிடம் நீங்களே பதிவுசெய்த சுற்றுலாவுக்குக் கப்பல் பொறுப்பல்ல. அதற்குப் பயணக் காப்பீட்டில் தவறிய துறைமுகத்துக்கான பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய பயணமானால் நிலைமை கொஞ்சம் மேல். பயணமும் தங்குமிடமும் சேர்த்து விற்கும் தொகுப்புகளுக்கான அதன் 2015-ஆம் ஆண்டுச் சட்ட நெறிமுறைப்படி, புயலால் இழப்பீடு கிடைக்காமல் போனாலும் விலைக்குறைப்பு கேட்க இடமுண்டு.

சமாதானமாக அடுத்த பயணத்துக்கு ஒரு வவுச்சர் வந்தால் அதோடு வரும் கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வாசகம் இருந்தால், மணிக்கட்டுக் காயம் இதில் சேராது என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.