எஸ்ட்ராவனும் ‘அவன்’ என்ற சொல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லித்தான் உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்ற அறிவியல் புனைவு நாவலை வாசித்தேன். ஆண், பெண் என்ற பிரிவே இல்லாத கெத்தன் கிரகத்துக்குத் தூதராகப் போகும் ஜென்லி ஐ, அவருக்காக நாடு கடத்தப்படும் எஸ்ட்ராவன், இருவரும் பனிவெளியைக் கடக்கும் பயணம். முடித்து ஒரு வாரம் ஆகியும் ஒரு விஷயம் உறுத்துகிறது. எஸ்ட்ராவனைக் கடைசி வரை ஆணாகத்தான் பார்த்தேன். பிரதமர், பனிச்சறுக்கு வண்டி இழுப்பவர் என்றதும் என் மனம் மீசை வரைந்துவிட்டது. இத்தனைக்கும் நான் ஒரு பெண். நாவல் முழுக்க ஆங்கிலத்தில் ‘ஹீ’ (அவன்) என்றே வருவதாலா, இல்லை என் வாசிப்பில்தான் கோளாறா?

கே.

அன்புள்ள கே.,

கோளாறில் உங்கள் பங்கு கொஞ்சம்தான். ஏழாம் அத்தியாயத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ஜென்லிக்கு முன்னால் வந்துபோன ஓர் ஆய்வாளரின் களக்குறிப்பு அது. 26 முதல் 28 நாள் வரையிலான உடல் சுழற்சி, அதில் சில நாட்கள் மட்டும் வரும் கெம்மர் என்ற பாலுணர்வுக் காலம், அப்போது யார் ஆணாவார் யார் பெண்ணாவார் என்று முன்கூட்டியே தெரியாமை, சில பிள்ளைகளுக்குத் தாயானவரே வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருப்பது, எல்லாவற்றையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அவரும் ஒரு பெண். ‘அவன்’ என்று மனதில் சொல்லிக்கொள்வதாலேயே, எதிரில் இருப்பவர் ஆண் அல்ல என்பது தனக்குத் திரும்பத் திரும்ப மறந்துபோகிறது என்று அவரே அங்கே ஒப்புக்கொள்கிறார். உங்களுக்கு நேர்ந்தது நாவலுக்கு உள்ளேயே நேர்ந்திருக்கிறது.

நாவல் வந்தது 1969இல். 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் லெ குவின் அந்த ‘ஹீ’க்காக வாதாடினார். எண்பதுகளில் அதே கட்டுரைக்குப் பின்குறிப்புகள் எழுதி, அந்த வாதத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் முதல் கட்டுரையிலேயே இன்னொரு குறையைச் சொல்லியிருந்தார்: எஸ்ட்ராவனைத் தன் பிள்ளைகளோடு, ஒரு தாயாக, நாம் பார்ப்பதே இல்லை. உங்கள் மீசைக்கு வேர் அந்த ஒரு சொல்லைவிட இங்கேதான் அதிகம் இருக்கிறது என்பேன்.

தமிழில் ‘அவர்’ இருக்கிறதே, மொழிபெயர்த்தால் சிக்கல் தீர்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ‘அவர்’ பாலை மறைக்கும், சரி. கூடவே ஒரு மரியாதைத் தூரத்தையும் கொண்டுவரும். பனிவெளியில் ஒரே கூடாரத்துக்குள் அந்த இருவருக்கும் நடுவே கரைவது அந்தத் தூரம்தானே?

பாலே ஒட்டாத சொல் ஒன்று எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் நாவலிலேயே இருக்கிறது. ‘நான்.’ எஸ்ட்ராவனின் நாட்குறிப்பாக வரும் அத்தியாயங்களை மட்டும் தனியாக எடுத்து வாசியுங்கள். அங்கே ‘அவன்’ என்று சுட்டப்படுபவர் ஜென்லிதான். கூடாரத்தில் கிடக்கும் அந்த வேற்றுலக உடம்பை எஸ்ட்ராவன் பார்க்கும் இடம் ஒன்று வருகிறது. எவ்வளவு பலவீனம், பால் உறுப்பைக்கூட எப்போதும் உடம்புக்கு வெளியே சுமந்து திரிய வேண்டியிருக்கிறதே, ஆனாலும் என்ன பலம் என்று வியக்கிறார். ஆணுடம்பு இவ்வளவு விநோதமாக, இவ்வளவு பரிவோடு பார்க்கப்பட்டு நான் வேறெங்கும் வாசித்ததில்லை. முதல் வாசிப்பில் எனக்கும் எஸ்ட்ராவன் ஆண்தான். இந்தப் பக்கத்தில்தான் அது கலைந்தது.

அப்புறம், ஜென்லியின் ஆட்கள் வரும் விண்கப்பல் இறங்கும் காட்சி. ஜென்லி தன் இனத்து ஆண்களையும் பெண்களையும் வெகுகாலத்துக்குப் பிறகு பார்க்கிறார். ஒருவர் குரல் மிகக் கனம், இன்னொருவர் குரல் மிகக் கீச்சு. பெரிய, விநோதமான மிருகங்களின் கூட்டம்போலத் தெரிகிறார்கள். தன் அறைக்குப் போய், ஆணுடையதும் அல்லாத பெண்ணுடையதும் அல்லாத ஓர் இளம் மருத்துவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஆசுவாசம் வருகிறது. அந்தக் காட்சியில் நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள்? உங்கள் கடிதத்தில் இது இல்லை. தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்து, ‘கமிங் ஆஃப் ஏஜ் இன் கார்ஹைட்’ சிறுகதையைத் தேடிப் படியுங்கள். 1995இல் லெ குவின் மறுபடி கெத்தனுக்குப் போய் எழுதியது. தூதரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. முதல் கெம்மரை எதிர்நோக்கியிருக்கும் ஒரு கெத்தன் பிள்ளை, பிள்ளைகள் நிறைந்த ஒரு பெரிய வீட்டில் வளர்ந்த கதையைத் தானே ‘நான்’ என்று சொல்கிறது.