தண்ணீர் எந்த வழியாக வருகிறது? – பாலிமர் ஜெல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எண்ணெய்க் கிணற்றுக்கு வரும் வேண்டாத தண்ணீரை அடைக்க இறக்கும் பாலிமர் ஜெல்லைப் பற்றியே. எண்ணெயைவிடத் தண்ணீரை அதிகம் இறைக்கும் கிழட்டுக் கிணறுகள் எல்லோர் கையிலும் சேர்ந்துவிட்டன போலிருக்கிறது. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: பாலிமர் ஃப்ளட்டும் ஜெல்லும் ஒன்றுதானே? ராஜஸ்தான் மங்களா வயலில் இறக்குவது ஜெல்லா? (மாணவி, சென்னை)

ப: இல்லை. மங்களாவில் 2014 வாக்கிலிருந்து பெரிய அளவில் உள்ளே போவது பாலிமரால் கெட்டியாக்கிய தண்ணீர், அதாவது ஃப்ளட். சீனாவின் டாச்சிங்கில் 1996 முதல் நடப்பதும் அதுதான். எண்ணெய் இருக்கும் இடமெல்லாம் பரவி அதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியது அதன் வேலை. ஜெல்லோ எண்ணெய் இருக்கும் பக்கம் தலைவைக்கவே கூடாது. தண்ணீர் குறுக்கே ஓடும் வழியில் போய் உட்கார வேண்டும். பாத்திக்குப் பாய்கிற தண்ணீர் வேறு, மடையை அடைக்கிற களிமண் வேறு. இரண்டிலும் ஹெச்பாம் (HPAM) என்ற பாலிமர் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: கிணற்றைச் சுற்றி 50 மீட்டர் ஆரத்துக்கு ஜெல் நிரப்ப வேண்டும் என்கிறார் எங்கள் மேலாளர். சரியா? (அங்க்லேஷ்வர்)

ப: அவர் கையில் ஒரு காகிதமும் பேனாவும் கொடுங்கள். அடுக்கின் கனம் 4 மீட்டர், போராசிட்டி (பாறையில் துளைகளின் பங்கு) 20% என்று வைப்போம். 5 மீட்டர் ஆரத்துக்கு 60 சொச்சம் கனமீட்டர் போதும். 10 மீட்டருக்கு 250. 50 மீட்டருக்கு 6,300 கனமீட்டர், அதாவது 40,000 பீப்பாய். 5,000 பிபிஎம் என்றால் 31 டன் பாலிமர். இதைக் கலந்து பம்ப் செய்ய எத்தனை நாள் ஆகும், ஜெல் எத்தனை மணி நேரத்தில் இறுகும் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். மேட்ரிக்ஸில், அதாவது விரிசல் இல்லாத பாறைத் துளைகளில், வட்டமாகப் பாயும்போது அழுத்தத்தின் பெரும்பகுதி கிணற்றை ஒட்டிய சில மீட்டரிலேயே இறங்கிவிடுகிறது. விரிசல் வழியாகப் போகும் ஜெல்லுக்கு ஆரம் என்ற பேச்சே கிடையாது. உங்கள் கிணறு இதில் எந்த ரகம் என்று நீங்களும் எழுதவில்லை.

கே: ஐயா, எங்கள் கிணற்றில் வாட்டர் கட் 95%. எந்த ஜெல் போடலாம்? அவசரம். (ஊர் பெயர் இல்லை)

ப: ஜோசியரிடம் போனால்கூட நட்சத்திரம், லக்னம் எல்லாம் சொல்வீர்கள். என்னிடம் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு அவசரம் என்கிறீர்கள். வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், வாட்டர் கட் 95%, அதாவது வருகிற திரவத்தில் 95% தண்ணீர் என்பது நோயே இல்லாமல் இருக்கலாம். நீண்ட காலம் தண்ணீர் ஏற்றிய வயலில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு கூடவே வருகிற தண்ணீர் உண்டு. அதை நிறுத்தினால் எண்ணெயும் நின்றுவிடும். அந்தக் கிணற்றுக்கு ஜெல் வேண்டாம், நல்ல பம்பு போதும்.

வேண்டாத தண்ணீர்தான் என்றால் அது எந்த வழியாக வருகிறது? கேசிங்கில், அதாவது கிணற்றின் சுவர்க் குழாயில், ஓட்டையா? கேசிங்குக்குப் பின்னால் சிமென்ட் பிடிக்காத இடமா? தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்ஷன் கிணற்றிலிருந்து நேராக ஓடிவரும் விரிசலா? மேலும் கீழும் ஷேல் என்ற இறுகிய பாறை மூடிய, ஊடுருவுதிறன் மிகுந்த ஓர் அடுக்கா? அடியிலிருந்து கூம்பாக எழும் கோனிங்கா? ஒன்றுக்கொன்று தண்ணீர் கசியும் அடுக்குகளா? இவற்றை எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தி, எதை எதனால் அடைக்கலாம் என்று சீரைட், லேன், சிடான்ஸ்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். பெரிய ஓட்டைக்கு சிமென்ட். சிமென்ட் துகள் நுழையாத மயிரிழைக் கசிவுக்கு ஜெல். விரிசலுக்கு ஜெல் என்றால் அதுதான் அதன் சொந்த ஊர். கடைசி இரண்டுக்கும் ஜெல்லை நம்பிப் பணம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நான் நேரில் பார்த்த கதை ஒன்று. மேற்கு இந்தியாவில் ஒரு பழைய வயல், 1990-களின் நடுப்பகுதி. வாட்டர் கட் 96%. ஜெல் விற்க வந்தவர்கள் ஒரு கண்ணாடி பாட்டிலை மேசைமேல் வைத்துச் சாய்த்தார்கள். இளம்பச்சை நிறத்தில் நாக்கு மாதிரி வாய்வரை நீண்டு, நிமிர்த்தியதும் சுருண்டு உள்ளே போனது. அறையில் இருந்த அத்தனை பேரும் சொக்கிப்போனோம், நானும்தான். 300 கனமீட்டர் இறக்கினோம். பத்தாம் நாள் வாட்டர் கட் 88. பேடா கொடுத்தார்கள். மொத்தத் திரவமே பாதியாகக் குறைந்திருப்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் பார்க்கவில்லை. ஆறாவது வாரம் 97. அதற்குப் பிறகுதான் ஒருவருக்கு டெம்பரேச்சர் லாக் (ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தை அளப்பது) இறக்கத் தோன்றியது. ஆழத்தோடு படிப்படியாக ஏற வேண்டிய வெப்பக் கோடு, பெர்ஃபொரேஷனுக்கு (எண்ணெய் உள்ளே வரக் கேசிங்கில் போட்ட துளைகள்) கீழே 20 மீட்டருக்குச் செங்குத்தாக நின்றது. கீழிருந்த நீர் அடுக்கிலிருந்து கேசிங்குக்குப் பின்னாலேயே வெந்நீர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இறக்கிய ஜெல் போய் உட்கார்ந்தது எண்ணெய் அடுக்கில். சிமென்டை அழுத்திப் புகுத்தும் ஸ்க்வீஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை. லாக்குக்கு ஆகும் செலவு, ஜெல் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது.

சான் வரைபடத்தில் (தண்ணீர்-எண்ணெய் விகிதம் நாளோடு மாறுவதைக் காட்டுவது) கோடு மேலே போகிறது, ஆகவே சேனலிங் (தண்ணீர் தனி வழி பிடித்து ஓடுவது) என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1995-இல் வந்த அந்த முறை ஒரு துப்புதான், தீர்ப்பு அல்ல. கோனிங்கும் சேனலிங்கும் ஒரே மாதிரிக் கோடு வரைந்துகாட்டும் கிணறுகள் உண்டு. தண்ணீர் பகுப்பாய்வு, டெம்பரேச்சர் லாக், பக்கத்து இன்ஜெக்ஷன் கிணற்றை நிறுத்தினால் இங்கே என்ன ஆகிறது, அங்கே தண்ணீரில் கலந்துவிடும் ட்ரேசர் என்ற அடையாளப் பொருள் எத்தனை நாளில் இங்கே வந்து சேர்கிறது, இவற்றோடு மறுபடி எழுதுங்கள். ட்ரேசர் நாலு நாளில் வந்துவிட்டால் அது விரிசல் வழிதான், ஜெல்லைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

கே: பாலிமர்-குரோமியம் விகிதம் ஓரிடத்தில் 40:1, இன்னோரிடத்தில் 12:1 என்று இருக்கிறது. எது சரி? (துலியாஜான்)

ப: நல்ல கேள்வி. பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி ஜெல்லாக்குகிற கிராஸ்லிங்கர்தான் குரோமியம். இரண்டும் சரி. ஒருவர் குரோமியத்தை மட்டும் எடை போடுகிறார், மற்றவர் குரோமியம் அசிடேட் உப்பை முழுதாக எடை போடுகிறார். அந்த உப்பில் குரோமியம் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 5,000 பிபிஎம் பாலிமருக்கு 417 பிபிஎம் அசிடேட் என்பது ஆய்வுக்கூடங்களில் புழங்கும் கலவை, 12:1 அதுதான். அதையே குரோமியமாகக் கணக்கிட்டால் 50:1 பக்கம் வரும். கடையில் வருவது 50% கரைசல் என்பதையும் மறக்காதீர்கள். அதை மறந்த ஆள் பாதி கிராஸ்லிங்கரைப் போட்டுவிட்டு, பாலிமர் மட்டம் என்று சப்ளையரோடு சண்டை போடுவான்.

கே: எங்கள் ரிசர்வாயர் 105 டிகிரி, நீரில் கால்சியமும் அதிகம். ஹெச்பாம்-குரோமியம் தாங்குமா? (மஸ்கட்)

ப: தாங்காது. 70 டிகிரியைத் தாண்டினாலே ஹெச்பாம் தண்ணீரோடு வினைபுரிந்து மேலும் மேலும் ஹைட்ரலைஸ் ஆகும். கால்சியம் அதைப் பிடித்து வீழ்படிவாக இறக்கிவிடும், அல்லது ஜெல் தண்ணீரைக் கக்கிச் சுருங்கிவிடும். உங்கள் சூட்டில் குரோமியம் இறுகும் வேகமும் அதிகம். பாதி வழியிலேயே நின்றுவிடும். சல்ஃபோனேட் மோனோமர் சேர்த்த பாலிமர்களைப் பாருங்கள். பாலிஎத்திலீனிமைன் போன்ற ஆர்கானிக் கிராஸ்லிங்கர்களையும் பாருங்கள். எதை எடுத்தாலும் பாட்டில் சோதனை களத்து நீரில், களத்து வெப்பத்தில், மாதக் கணக்கில். ஆய்வுக்கூடக் குழாய்த் தண்ணீரில் எல்லா ஜெல்லும் அழகாகத்தான் இருக்கும்.

கே: ஜெல் தண்ணீரை மட்டும் அடைக்கும், எண்ணெயை விட்டுவிடும் என்கிறார்களே? (கலோல்)

ப: தண்ணீரை அதிகம் அடைக்கும், எண்ணெயைக் கொஞ்சம் குறைவாக அடைக்கும். அவ்வளவுதான். தண்ணீரின் ஊடுருவுதிறன் 50 மடங்கு குறையும்போது எண்ணெயினுடையது 5 மடங்கு குறைகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 5 மடங்கு எண்ணெய் அடுக்கிலும் விழும். வட்டமாகப் பாயும் கிணற்றில் அது தாங்க முடியாத அடி. அடுக்கைத் தனிமைப்படுத்தாமல் பேசவே கூடாது. விரிசல் உள்ள கிணற்றில் இந்தக் குணம் உதவும். அதனால்தான் கான்சாஸின் ஆர்பக்கிள் டோலமைட் பாறைக் கிணறுகளிலும் வயோமிங்கின் பிக்ஹார்ன் வடிநிலத்திலும் இந்தக் குரோமியம் ஜெல்லுக்கு நல்ல பேர். இரண்டும் விரிசல் ஊர்கள். அந்த வெற்றிக் கதையைப் படித்துவிட்டு மணற்பாறையில் அப்படியே செய்யாதீர்கள்.

கே: கலக்கும்போது கட்டி கட்டியாக நிற்கிறது. (பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: கொதிக்கிற தண்ணீரில் ரவையை ஒரேயடியாகக் கொட்டினால் உப்புமா என்ன ஆகும்? தூளைச் சுழலும் நீரில் சீராகத் தூவ வேண்டும். மேலே நனைந்து உள்ளே காய்ந்த கட்டிதான் மீன்கண். பிறகு ஓரிரு மணி நேரம் நிதானமாகக் கிளறி ஊறவிடுங்கள். அவசரப்பட்டு சென்ட்ரிஃப்யூகல் பம்பில் சுற்றினால் கட்டி உடையும், பாலிமர் சங்கிலியும் உடையும். வடிகட்டி போடாமல் உள்ளே அனுப்பினால் அந்தக் கட்டிகள் பெர்ஃபொரேஷன் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் ஏறுவதைப் பார்த்து ஜெல் வேலை செய்கிறது என்று நீங்கள் அறிக்கை எழுதுவீர்கள்.

கே: ஜெல் எத்தனை வருடம் தாங்கும்? (வடோதரா)

ப: வெப்பம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, விரிசலா மேட்ரிக்ஸா, உற்பத்திக் கிணறா இன்ஜெக்ஷன் கிணறா? ஒன்றும் இல்லை கடிதத்தில்.

கே: குரோமியம் விஷம் என்கிறார்கள். எங்கள் பக்கம் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன, நிலத்தடி நீருக்கு ஆபத்து இல்லையா? (நன்னிலம்)

ப: டெல்டாக்காரர் கேட்கத்தான் வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவில் நாம் பயப்படுவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கு. பழைய கலவைகளில் டைகுரோமேட்டை உள்ளே இறக்கி, நிலத்தடியில் மூன்றாக மாற்றினார்கள். அது கெட்ட பழக்கம். 1980-களில் வந்த அசிடேட் கலவையில் ஆரம்பத்திலிருந்தே மூன்றுதான். அதன் நச்சு மிகக் குறைவு. பாலிமருக்கும் நச்சு இல்லை. அதில் எஞ்சி நிற்கும் அக்ரிலமைட் மோனோமருக்கு உண்டு, அதனால்தான் அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஜெல் போகும் ஆழம் கிலோமீட்டர் கணக்கு, உங்கள் போர்வெல் அதில் சிறு பங்கு. ஆனால் இடையில் இருப்பது கேசிங். அது ஓட்டை என்றால் ஜெல் மட்டுமல்ல, உப்புத் தண்ணீரும் வரும். கிணற்றில் எந்த ஜெல் என்று கேட்பதைவிட, கேசிங் அழுத்தச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, திரும்பி வந்த திரவத்தை எந்தக் குழியில் விட்டார்கள் என்று கேளுங்கள். அந்தக் குழியில் தார்ப்பாய் விரித்திருந்தார்களா என்றும் கேளுங்கள்.

கே: துகள் ஜெல் எதற்கு? (டிக்பாய்)

ப: தரைக்கு மேலேயே இறுக்கி, காயவைத்து, உடைத்த ஜெல். தண்ணீரில் போட்டால் ஜவ்வரிசிபோல் ஊதும். உப்பு நீரில் குறைவாக ஊதும். சீன வயல்களில் நிறையப் பயன்பட்டது. நிலத்தடியில் இறுகுமா இறுகாதா என்ற கவலை இல்லை. விரிசலும் பெரிய துவாரமும் இருந்தால் மட்டும். சாதாரண மணற்பாறையின் முகத்தில் அப்பிக்கொள்ளும். அளவைக் களத்து நீரில் ஊறவைத்துப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், களத்து நீரில்.

கே: ஜெல் இறக்கியபின் கிணறு அடியோடு நின்றுவிட்டது. எடுக்க முடியுமா? (அதே 'அவசரம்' ஆளா என்று சந்தேகம்)

ப: கிணற்றுக்குள்ளும் பெர்ஃபொரேஷனிலும் நிற்பதைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைக்கும், 5% பக்கம் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆகும். காய்ல்ட் டியூபிங்கால் (சுருளாகச் சுற்றிய மெல்லிய குழாய்) நேராக அங்கே கொண்டுபோய் விடுங்கள், மேலிருந்து ஊற்றாதீர்கள். பல மீட்டர் உள்ளே போய்விட்டதைக் கரைக்க வழியில்லை. அதைத் தாண்டிப் பெர்ஃபொரேட் செய்யவோ ஃபிராக் செய்யவோ (அழுத்தத்தால் பாறையைப் பிளப்பது) பார்க்கலாம். ஹைப்போ ஏற்றும் தொட்டியில் முன்பு அமிலம் வைத்திருந்தார்களா என்று லாரி டிரைவரிடம் கேட்டுவிட்டு, உள்ளே தண்ணீர் விட்டு இரண்டு தடவை கழுவச் சொல்லுங்கள். கொஞ்சம் அமிலம் மிச்சமிருந்தாலும் குளோரின் கிளம்பும்.